வெளிநாட்டில் கொலை வழக்கு, பிடிபட்டவர் வெளிநாட்டவர்: பின்னணி பற்றிய பேச்சைப் பிரித்துப் பார்ப்பது எப்படி

ஓர் ஊரில் கொலை நடக்கிறது. பிடிபட்டவர் அந்த நாட்டுக்காரர் இல்லை என்ற பேச்சு ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பிவிடுகிறது. பொழுது சாய்வதற்குள் அவருடைய மதம், விசா, படிப்பு, பழைய காதல் வரை எல்லாம் கைக்குக் கை மாறுகின்றன. இவற்றில் எது உறுதியானது, எது யாரோ கட்டிவிட்டது என்று பிரிக்கும் வேலையை வரிசையாகச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு. செய்திப் பக்கம் நடத்துபவர்களுக்கும், பெரிய வாட்ஸ்அப் குழுக்களின் அட்மின்களுக்கும், பிறமொழிச் செய்தியைத் தமிழில் எழுதுபவர்களுக்கும் உதவும். முறையாகச் செய்தால் ஒரு செய்திக்கு அரை மணி நேரம் போதும்.

முதலில் கட்டம் போடுங்கள்

பாதிக் குழப்பத்துக்குக் காரணம் ‘பின்னணி’ என்ற ஒற்றைச் சொல். அதைப் பிரியுங்கள். ஒரு தாளில் ஆறு கட்டம் போட்டு, பிறந்த நாடு, இப்போதைய குடியுரிமை, பூர்வீகம், மதம், அந்த நாட்டுக்கு வந்த ஆண்டு, அங்கே தங்குவதற்கான சட்ட நிலை என்று தலைப்பு எழுதுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்குப் பக்கத்திலும் இரண்டு விவரம் வேண்டும்: யார் சொன்னது, எத்தனை மணிக்குச் சொன்னது. விதி ஒன்றுதான். ஒரு கட்டத்தில் எழுதியதை வைத்து இன்னொரு கட்டத்தை நிரப்பக் கூடாது. பெயரைப் பார்த்து மதம் எழுதுவதும், தோலின் நிறத்தைப் பார்த்துக் குடியுரிமை எழுதுவதும், ‘புலம்பெயர்ந்தவர்’ என்று படித்துவிட்டு ‘சட்டவிரோதமாக வந்தவர்’ என்று எழுதுவதும் இந்த விதியை மீறுவதுதான்.

ஒருவரை வைத்து நிரப்பிப் பார்க்கலாம். 2013 ஏப்ரல் 15 அன்று பாஸ்டன் மாரத்தானில் குண்டு வைத்ததற்காகத் தண்டிக்கப்பட்ட ஜோகர் சர்னாயேவ் கிர்கிஸ்தானில் பிறந்தவர். தந்தை செச்சென் இனத்தவர், தாய் அவார் இனத்தவர். சிறு வயதில் சிறிது காலம் ரஷ்யாவைச் சேர்ந்த தாகெஸ்தானில் இருந்தார். 2002இல் அமெரிக்கா போனார். 2012 செப்டம்பர் 11 அன்று அமெரிக்கக் குடிமகன் ஆனார். இப்போது ‘அவர் எந்த நாட்டுக்காரர்?’ என்று கேட்டுப் பாருங்கள். கிர்கிஸ், ரஷ்யர், செச்சென், அமெரிக்கர் என்று நான்கு பதில் வரும். நான்குக்கும் ஏதோ ஒரு கட்டத்தில் ஆதாரம் இருக்கும், ஆனால் எதுவும் முழுப் பதில் ஆகாது. அந்த நாட்களில் ரஷ்யாவுக்குள் இருக்கும் செச்சன்யாவையும் ஐரோப்பாவில் தனி நாடான செக் குடியரசையும் ஒன்றாக நினைத்து எழுதித் தள்ளியவர்கள் ஏராளம். கடைசியில் அமெரிக்காவில் இருந்த செக் தூதரே, இரண்டும் வேறு வேறு என்று அறிக்கை விட வேண்டியதாயிற்று.

கட்டம் காலியாக இருப்பதில் தவறில்லை. 2024 மார்ச்சில் கனடாவின் ஒட்டாவாவில் ஆறு பேர் கொல்லப்பட்ட வழக்கில், கைதானவர் இலங்கையைச் சேர்ந்த 19 வயது மாணவர் என்று போலீஸ் சொன்னது. அந்த வாக்கியம் நிரப்புவது குடியுரிமைக் கட்டத்தை. அங்கே எதற்காக இருந்தார் என்பதற்கு ஒரு குறிப்பும் தருகிறது. இனம், மொழி, மதம் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. ‘நம்மவரா?’ என்ற கேள்விக்கு அதிலிருந்து பதில் எடுக்க முடியாது. எடுக்கப் பார்ப்பவர்கள் ஊர்ப் பெயரைத் தேடுவார்கள், பிறகு குடும்பத்தைத் தேடுவார்கள். கொலையோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு தாயின் வாசலில் போய் அது நிற்கும்.

முதல் நாள்: சொன்னதும் சொல்லாததும்

முதல் 24 மணி நேரத்தில்தான் பொய் வேர் பிடிக்கிறது. இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் நடந்ததை மணிவாரியாகப் பார்த்தால் அது எப்படி என்று புரியும். 2024 ஜூலை 29, நண்பகலை ஒட்டி, சிறுமிகளின் நடன வகுப்பில் கத்திக்குத்து. மூன்று சிறுமிகள் உயிரிழந்தார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் பிடிபட்டான். அன்று பிற்பகலிலேயே அரபுப் பெயர் போல ஒலிக்கும் ஒரு பெயர் எக்ஸ் தளத்தில் உலவத் தொடங்கியது. படகில் வந்தவன், புகலிடம் கோரியவன், எம்ஐ6 கண்காணிப்புப் பட்டியலில் இருந்தவன் என்று அதனோடு ஒரு கதை. அதே நாளில் போலீஸ், அவன் கார்டிஃபில் பிறந்தவன் என்று சொல்லிவிட்டது. மறுநாள், பரவும் பெயர் தவறு என்றும் சொன்னது. அப்படியும் 30ஆம் தேதி மாலை சவுத்போர்ட் பள்ளிவாசல் மீது கல் வீசப்பட்டது. கலவரம் பல ஊர்களுக்குப் பரவியது. ஆகஸ்ட் 1 அன்று லிவர்பூல் நீதிபதி, பெயரை வெளியிடக் கூடாது என்ற தடையை நீக்கிய பிறகுதான் உண்மையான பெயர் வெளிவந்தது. பெற்றோர் ருவாண்டாவிலிருந்து வந்தவர்கள், மகன் வேல்ஸில் பிறந்தவன்.

இதில் ஒரு சிறு விவரம் கைக்கொள்ளத்தக்கது. எம்ஐ6 வெளிநாட்டு உளவு வேலைக்கான அமைப்பு. பிரிட்டனுக்குள் ஆட்களைக் கண்காணிப்பது எம்ஐ5. அந்தக் கதையைக் கட்டியவருக்கு அது தெரியவில்லை. கட்டுக்கதையில் இப்படி ஏதாவது ஓர் இடத்தில் தையல் பிரிந்திருக்கும். செய்தியில் வரும் ஒவ்வோர் அமைப்பின் பெயரையும் எடுத்து, ‘இந்த வேலையை இந்த அமைப்புதான் செய்யுமா?’ என்று பாருங்கள். நகராட்சி விசா தராது, விமான நிறுவனம் குற்றப்பதிவு வைத்திருக்காது, பல்கலைக்கழகம் ஒரு மாணவனின் மதத்தை அறிவிக்காது.

இன்னொரு பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். போலீஸ் எல்லாவற்றையும் அன்றே சொல்லவில்லை. அந்த இளைஞன் மீது ரிசின் விஷம் தயாரித்ததாகவும், அல்-காய்தா பயிற்சிக் கையேடு வைத்திருந்ததாகவும் 2024 அக்டோபரில்தான் கூடுதல் குற்றச்சாட்டு பதிவானது. மறைக்கிறார்கள் என்ற சந்தேகத்துக்கு இடம் இருந்தது என்பது மெய். ஆனால் அந்த இடைவெளியை நிரப்பியது அந்த உண்மை அல்ல, முற்றிலும் வேறொரு பொய். ஆகவே உங்கள் தாளில் மூன்றாவதாக ஒரு நெடுவரிசை சேருங்கள்: ‘அதிகாரிகள் இதுவரை சொல்லாதவை’. அதில் எழுதியதை ஊகத்தால் நிரப்பாமல் அப்படியே விட்டுவையுங்கள்.

நேரத்தைக் குறிக்கும்போது எல்லாவற்றையும் யுடிசிக்கு, அதாவது உலகப் பொது நேரத்துக்கு, மாற்றிக்கொள்வது நல்லது. எக்ஸ் தளம் பதிவின் நேரத்தை உங்கள் ஊர் நேரத்தில் காட்டும், போலீஸ் அறிக்கை அந்த ஊர் நேரத்தில் இருக்கும். பிரிட்டன் கோடைக்காலத்தில் யுடிசியைவிட ஒரு மணி நேரம் முன்னே ஓடும், குளிர்காலத்தில் ஓடாது. இதைக் கவனிக்காமல் ‘போலீஸ் சொல்வதற்கு முன்பே இவருக்குத் தெரிந்திருக்கிறது’ என்று சதி கண்டுபிடிப்பவர்கள் உண்டு.

பெயர்

பெயர் கிடைத்ததும் தேடத் தோன்றும். அதற்கு முன் அந்தப் பெயர் எப்படிக் கட்டப்பட்டது என்று பாருங்கள். சீனா, கொரியா, ஜப்பான், ஹங்கேரி நாடுகளில் குடும்பப்பெயர் முன்னால் வரும். ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் பொதுவாக இரண்டு குடும்பப்பெயர் உண்டு, முதலாவதுதான் வழக்கமாக அழைக்கப்படுவது. ரஷ்யப் பெயரில் நடுவில் நிற்பது தந்தை பெயரிலிருந்து பிறந்த சொல். மியான்மரில் குடும்பப்பெயர் என்பதே வழக்கம் இல்லை. நம்மில் பலருக்கும் அதே நிலைதான். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர் இருக்கும், அயல்நாட்டுச் செய்தியில் மகனை அப்பா பெயரால் அழைப்பார்கள். அதை வைத்துத் தேடினால் வேறு ஆள்தான் கிடைப்பார். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் ‘எஃப்என்யு’ என்று சேர்ப்பார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. நீதிமன்ற ஆவணத்தில் அதைப் பார்த்துவிட்டு ‘ஃப்னு’ என்று ஒரு ஆளைத் தேடாதீர்கள்.

அடுத்து, பெயரை அதன் சொந்த எழுத்தில் பிடியுங்கள். அந்த ஊர்ப் போலீஸ் அறிக்கை அல்லது நீதிமன்றப் பட்டியலுக்குப் போய், அரபு, சிரிலிக், சீன எழுத்தில் இருப்பதை அப்படியே நகலெடுத்துத் தேடுங்கள். ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வந்த பெயர் இரண்டு முறை உருமாறியது. ‘லீ’ என்று தமிழில் எழுதும் பெயருக்குச் சீன எழுத்தில் பல வடிவம் உண்டு, அத்தனையும் வேறு வேறு குடும்பங்கள்.

பெயர் பொய்யா என்று பார்க்க எளிய வழி, மேற்கோள் குறிக்குள் பெயரைப் போட்டு, கூகுளின் தேதி வரம்பில் சம்பவத்துக்கு முந்தைய நாள்வரை மட்டும் தேடுவது. இருக்கும் மனிதரானால் ஏதாவது ஒரு தடம் இருக்க வாய்ப்புண்டு. எதுவுமே இல்லை, சம்பவத்துக்குப் பிறகு மட்டும் ஆயிரக்கணக்கில் இருக்கிறது என்றால் சந்தேகம் வலுக்கிறது. அது தீர்ப்பு அல்ல, வலுத்த சந்தேகம் மட்டுமே. பிறகு முதல் பதிவைத் தேடிப் பின்னோக்கிப் போங்கள். ஐம்பது பேர் சொல்வதால் ஐம்பது சாட்சி ஆகாது. எல்லாரும் ஒரே கணக்கிலிருந்து எடுத்திருந்தால் சாட்சி ஒன்றுதான், அந்தக் கணக்குக்கு அந்த ஊரில் என்ன தொடர்பு என்பதே அடுத்த கேள்வி.

பெயர் சரியாகவே இருந்தாலும் அதே பெயரில் பலர் இருப்பார்கள். பெயர் மட்டும் பொருந்துவதை வைத்து ஒருவரை அடையாளம் காட்டவே கூடாது. வயது, வசித்த ஊர், வேலை ஆகியவற்றில் குறைந்தது இரண்டாவது, ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு இடங்களிலிருந்து பொருந்த வேண்டும்.

கணக்கும் படமும்

‘இதுதான் அவனுடைய பேஸ்புக்’ என்று ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தால் முதலில் லிங்க் கேளுங்கள். லிங்க் இல்லாத ஸ்கிரீன்ஷாட்டை வைத்து எதையும் சரிபார்க்க முடியாது. லிங்க் வந்ததும், படிப்பதற்கு முன்பே, இணையப் பக்கங்களின் பிரதியைக் காத்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் அதைச் சேமித்துவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கணக்கு முடக்கப்படலாம் அல்லது உள்ளடக்கம் மாறலாம்.

பிறகு கணக்கின் வயதைப் பாருங்கள். இன்ஸ்டாகிராமில் கணக்கின் மெனுவுக்குள் போனால் சேர்ந்த மாதமும், முன்பு பெயர் மாற்றப்பட்டதா என்பதும் பெரும்பாலும் தெரியும். பேஸ்புக் பக்கமானால் வெளிப்படைத்தன்மைப் பகுதியில் தொடங்கிய நாளும் பழைய பெயர்களும் இருக்கும். எக்ஸ் கணக்கின் முகப்பிலேயே சேர்ந்த மாதம் உண்டு. சம்பவ நாளன்று பிறந்த கணக்கானால் அங்கேயே நிறுத்திவிடலாம். பழைய கணக்காகவே இருந்தாலும், நேற்றுவரை வேறு பெயரில் இருந்து இன்று பெயர் மாற்றியதாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கப் பழைய பதிவுகளின் கீழே நண்பர்கள் எழுதியதைப் படியுங்கள். மூன்று வருடம் முன்பு ‘ஹேப்பி பர்த்டே’ சொன்னவர் என்ன பெயரிட்டுச் சொல்லியிருக்கிறார்? அதைப் பலரும் மாற்ற மறந்துவிடுவார்கள். இன்னொரு சோதனைக்குக் கருவியே தேவையில்லை: கைதான நேரத்துக்குப் பிறகு அந்தக் கணக்கிலிருந்து புதுப் பதிவோ பதிலோ வந்திருக்கிறதா? லாக்கப்பில் இருப்பவர் கையில் போன் இருக்காது.

படத்துக்கு ரிவர்ஸ் இமேஜ் தேடலை (படத்தையே கொடுத்து அது வேறு எங்கே வந்திருக்கிறது என்று தேடுவதை) ஒன்றோடு நிறுத்தாதீர்கள். கூகுள் லென்ஸ், யாண்டெக்ஸ், டின்ஐ மூன்றிலும் போடுங்கள். டின்ஐயில் ‘மிகப் பழையது’ என்று வரிசைப்படுத்தும் வசதி இருப்பதால், படம் முதலில் தென்பட்ட நாளை நெருங்க முடியும். முழுப் படத்தில் ஒன்றும் கிடைக்காவிட்டால் முகத்தை மட்டும் வெட்டி ஒரு முறை, பின்னணியில் இருக்கும் கட்டடத்தை வெட்டி ஒரு முறை தேடுங்கள். படத்தை இடவலம் திருப்பிப் பரப்புவதும் வழக்கம். சட்டையில் எழுத்து இடவலம் மாறித் தெரிகிறதா, பொத்தான் வரிசை மாறியிருக்கிறதா என்று பார்த்து, திருப்பிப் போட்டும் தேடுங்கள். படத்துக்குள் இருக்கும் எக்ஸிஃப் தகவலை (எடுத்த நேரம், கருவி போன்ற குறிப்புகளை) நம்பிக் காத்திருக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அது போய்விடும்.

இவ்வளவு ஏன் என்றால், தவறான முகத்துக்கு உரியவரும் ஒரு மனிதர். பாஸ்டன் குண்டுவெடிப்புக்குப் பிறகு, ஏறக்குறைய ஒரு மாதமாகக் காணாமல் போயிருந்த ஓர் இந்திய வம்சாவளி மாணவரைச் சந்தேக நபர் என்று ரெடிட் விவாதத் தளத்தில் தொடங்கி ஊரே அடையாளம் காட்டியது. மகனைத் தேடிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு இரவெல்லாம் வசை. 2013 ஏப்ரல் 23 அன்று அவருடைய உடல் ஆற்றில் கிடைத்தது. குண்டுவெடிப்புக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. 2024 ஏப்ரல் 13 அன்று சிட்னியின் பாண்டாய் ஜங்ஷனில் ஆறு பேர் குத்திக் கொல்லப்பட்டபோது 20 வயது யூத மாணவர் ஒருவரின் பெயரும் படமும் பரவின. ஒரு தொலைக்காட்சியும் அவர் பெயரைச் சொல்லிவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டு இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டது. உண்மையில் தாக்கியவர் குயின்ஸ்லாந்தைச் சேர்ந்த 40 வயது மனிதர்.

பழைய பதிவிலிருந்து குணம் எடுப்பது

பெயரும் கணக்கும் மெய்யாகவே அவருடையது என்று வைத்துக்கொள்வோம். ஆபத்து இனிமேல்தான். சரியான ஆளின் சரியான பதிவைத் தவறாகப் படிப்பது, தவறான ஆளைப் பிடிப்பதற்குக் குறைந்த பிழை அல்ல.

இத்தாலியின் பெருஜியாவில் 2007 நவம்பர் 1 இரவு பிரிட்டன் மாணவி மெரடித் கெர்ச்சர் கொல்லப்பட்டார். உடன் தங்கியிருந்த அமெரிக்க மாணவி அமாண்டா நாக்ஸ் 6ஆம் தேதி கைதானார். வழக்கு முடிந்தது என்று அன்றே போலீஸ் அறிவித்துவிட்டது. மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் அவருடைய பக்கத்தில் இருந்த ‘ஃபாக்ஸி நாக்ஸி’ என்ற செல்லப்பெயரைப் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. சிறுமியாகக் கால்பந்து ஆடிய காலத்தில், ஆட்டத்தில் காட்டிய சாமர்த்தியத்துக்காகக் கிடைத்த பெயர் அது. நரித்தனமும் மோகமும் கலந்த பெண் என்ற பொருளில் உலகம் முழுக்க அச்சானது.

அதைவிட முக்கியமானது ஒரு குறுஞ்செய்தி. தான் வேலை பார்த்த மதுக்கடை உரிமையாளருக்கு, இத்தாலிய மொழியைப் புதிதாகக் கற்றுக்கொண்டிருந்த நாக்ஸ், ‘சி வெதியாமோ ப்யூ தார்தி, புவோனா செராத்தா’ என்று அனுப்பியிருந்தார். ஆங்கிலத்தில் விடைபெறும்போது சொல்லும் ‘சீ யூ லேட்டர்’ என்பதன் நேர் மொழிபெயர்ப்பு, கூடவே இனிய மாலை வாழ்த்து. இத்தாலிய மொழியில் முதல் பாதியைப் படிப்பவருக்கு ‘இன்று பிறகு சந்திக்கிறோம்’ என்று தோன்றும். கொலை நடந்த இரவில் இருவரும் சந்திக்கத் திட்டமிட்டதற்குச் சான்றாகப் போலீஸ் அதை எடுத்துக்கொண்டது. இரவு முழுக்க நடந்த விசாரணையில் நாக்ஸ் அந்த உரிமையாளரின் பெயரைச் சொன்னார். காங்கோவிலிருந்து வந்து அங்கே குடியேறியிருந்த அந்த மனிதர், தன் கடையில்தான் இருந்தார் என்று சாட்சி கிடைக்கும்வரை ஏறக்குறைய இரண்டு வாரம் சிறையில் இருந்தார். அந்த அவதூறுக்காக நாக்ஸ் மீதான தண்டனை இன்றும் நிற்கிறது. கொலை வழக்கில் 2009இல் தண்டனை, 2011இல் விடுதலை, மறுபடி தண்டனை என்று மாறி மாறிப் போய், 2015 மார்ச் 27 அன்று இத்தாலிய உச்ச நீதிமன்றம் அவரை முற்றிலும் விடுவித்தது. அந்த இரவு விசாரணையில் வழக்கறிஞர் இல்லாததும், மொழிபெயர்ப்பாளர் தன் வேலையைத் தாண்டி நடந்துகொண்டதும் நியாயமான விசாரணை உரிமையை மீறியவை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னது.

இதைத் தமிழில் வைத்துப் பாருங்கள். ‘போயிட்டு வரேன்’ என்று அனுப்பிவிட்டு ஒருவர் ஊரைவிட்டே போகலாம். சொல்லுக்குச் சொல் மாற்றினால் திரும்பி வருவதாக வாக்குக் கொடுத்தவர் ஆவார். ‘கொன்னுடுவேன்’ என்று தங்கைக்கு எழுதாத அண்ணன் உண்டா? பிற மொழியிலிருந்து வரும் பதிவுக்கும் இதே மரியாதையைக் கொடுங்கள். இயந்திர மொழிபெயர்ப்பில் மிரட்டலாகத் தெரியும் எந்த வரியையும், அந்த மொழியை வீட்டில் பேசுபவரிடம் முழு உரையாடலோடு காட்டிக் கேட்காமல் எழுத வேண்டாம்.

நோக்கம் பற்றிய ஊகத்துக்கும் இது பொருந்தும். மியூனிக்கில் 2016 ஜூலை 22 அன்று ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றவன் ஈரானியப் பெற்றோருக்கு ஜெர்மனியில் பிறந்தவன். அன்றிரவு பலரும் எதிர்பார்த்தது மதத் தீவிரவாதம். அந்த நகரம் இருக்கும் பவேரிய மாநிலத்தின் அதிகாரிகள் 2019இல் எட்டிய முடிவு, அது வலதுசாரி வெறுப்புக் குற்றம் என்பது. 2024 டிசம்பர் 20 அன்று ஜெர்மனியின் மாக்டபர்க் கிறிஸ்துமஸ் சந்தைக்குள் கார் பாய்ந்த வழக்கில் கைதானவர் சவூதியிலிருந்து 2006இல் வந்த மனநல மருத்துவர். சவூதி என்றதும் பலர் ஊகித்ததற்கு மாறாக, அவர் பல ஆண்டுகளாக இஸ்லாத்தைக் கடுமையாக விமர்சித்து எழுதி வந்தவராக இருந்தார். நோக்கம் என்பது கட்டங்களில் இல்லாதது கவனத்தில் இருக்கட்டும். அது நீதிமன்றத்தில் நிறுவப்பட வேண்டிய ஒன்று, பின்னணியிலிருந்து கழித்துக் கூட்டி எடுக்கக்கூடிய விடை அல்ல.

சட்டச் சொற்கள்

மொழிபெயர்ப்பில் அதிகம் நொறுங்குவது இந்த இடம். தமிழில் எல்லாரும் ‘குற்றவாளி’ ஆகிவிடுகிறார்கள். பிரிட்டனில் சந்தேகத்தின் பேரில் கைதாவது ஒரு படி, குற்றம் சாட்டப்படுவது அடுத்த படி. முதல் படியில் இருப்பவர் கைதானவர் மட்டுமே. அமெரிக்கப் போலீஸ் சொல்லும் ‘பர்சன் ஆஃப் இன்ட்ரஸ்ட்’ என்பதற்குச் சட்ட வரையறை கிடையாது. போலீஸ் பேச விரும்பும் நபர் என்று எழுதினால் போதும். இத்தாலியில் ‘இந்தகாத்தோ’ என்றால் விசாரிக்கப்படுபவர், ‘இம்புத்தாத்தோ’ என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். அங்கே இறுதித் தீர்ப்பு வரும்வரை யாரும் குற்றவாளி அல்ல என்று அரசியலமைப்பே சொல்கிறது, மேல்முறையீடு நடக்கும்போதும் அப்படித்தான். பிரான்சில் ‘மீஸ் ஆன் எக்ஸாமன்’ என்பது விசாரணை நீதிபதியின் கீழ் முறையான விசாரணைக்கு உள்ளாக்கப்படுவது. அதைக் குற்றப்பத்திரிகை என்று எழுதுவது தவறு. ஜப்பானில் குற்றச்சாட்டு இல்லாமலே ஒரு வழக்குக்கு 23 நாள்வரை காவலில் வைக்க முடியும். அங்குள்ள செய்திகளில் பெயருக்குப் பின் ‘யோகிஷா’ என்று வந்தால் சந்தேக நபர், ‘ஹிகொகு’ என்று மாறினால் வழக்குத் தொடரப்பட்டுவிட்டது.

‘ஒப்புக்கொண்டார்’ என்ற சொல்லையும் நிறுத்திப் படியுங்கள். போலீஸிடமா, நீதிபதி முன்பா? எந்த மொழியில், யார் மொழிபெயர்த்தார்? தாய்லாந்தின் கோ தாவோ தீவில் 2014 செப்டம்பரில் இரண்டு பிரிட்டன் பயணிகள் கொல்லப்பட்ட வழக்கில், மியான்மரிலிருந்து வேலைக்கு வந்த இரண்டு இளைஞர்கள் ஒப்புக்கொண்டதாகப் போலீஸ் சொன்னது. சித்திரவதை செய்து வாங்கியது என்று பின்னர் அவர்கள் மறுத்தார்கள், போலீஸ் அதை மறுத்தது. 2015 டிசம்பர் 24 அன்று மரண தண்டனை, 2019இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது, 2020இல் ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. இந்த வரிசையில் எந்த நாளில் நின்று எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்து வினைச்சொல் மாற வேண்டும்.

மௌனத்தைப் படிப்பது

‘ஏன் நாட்டைச் சொல்லவில்லை? மறைக்கிறார்கள்’ என்பது எப்போதும் வரும் வாதம். ஒவ்வொரு நாட்டுக்கும் சொல்லாமல் இருப்பதற்கு வேறு வேறு விதி உண்டு. ஜெர்மன் பத்திரிகை நெறிமுறையின் 12.1 விதி, பொதுநலன் நியாயப்படுத்தினால் மட்டுமே சந்தேக நபரின் இனத்தையோ மதத்தையோ குறிப்பிடலாம் என்கிறது. பிரிட்டனில் 1981ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம், கைதான நொடியிலிருந்தே விசாரணையைப் பாதிக்கும் செய்தியைக் கட்டுப்படுத்துகிறது. இதன் கனத்தை 2010 டிசம்பரில் பிரிஸ்டலில் பார்த்தார்கள். ஒரு பெண் கொல்லப்பட்டதும் அவருடைய வீட்டுச் சொந்தக்காரர் கைதானார். ஓய்வுபெற்ற ஆசிரியரான அவருடைய தலைமுடி முதல் படித்த கவிதைவரை பத்திரிகைகள் அலசின. பிறகு பிடிபட்டுத் தண்டனை பெற்றவர் பக்கத்து வீட்டு டச்சுப் பொறியாளர். எட்டுப் பத்திரிகைகள் அந்த ஆசிரியருக்கு நஷ்டஈடு கொடுத்தன, இரண்டுக்கு அவமதிப்புக்காக 50,000 பவுண்டும் 18,000 பவுண்டும் அபராதம் விழுந்தது.

சவுத்போர்ட்டுக்குப் பிறகு நடைமுறை மாறி வருகிறது. 2025 மே மாதம் லிவர்பூல் வெற்றி ஊர்வலத்துக்குள் கார் புகுந்தபோது, பிடிபட்டவர் 53 வயது வெள்ளையின பிரிட்டன்காரர் என்று போலீஸ் விரைவாகவே சொன்னது. பெரிய வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவரின் நாட்டையும் இனத்தையும் வெளியிடுவதைப் பரிசீலிக்கலாம் என்று 2025 ஆகஸ்டில் போலீஸாருக்கு வழிகாட்டுதலும் வந்தது. வதந்தியை அடைக்க இது உதவும். ஆனால் ஒரு முறை சொன்னால், அடுத்த முறை சொல்லாததையே மக்கள் அடையாளமாக எடுத்துக்கொள்வார்கள் என்ற கவலையும் எங்களுக்கு உண்டு.

தூதரகத்தின் பேச்சைப் படிப்பதும் ஒரு கலை. 1963ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உறவு உடன்படிக்கையின் 36ஆம் பிரிவுப்படி, கைதான வெளிநாட்டவருக்குத் தன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும் உரிமை உண்டு என்று தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். அவர் கேட்டால் தூதரகத்துக்குச் சொல்ல வேண்டும். அவர் வேண்டாம் என்றால் தூதரகத்துக்குத் தெரியாமலே போகலாம், இரு நாட்டு ஒப்பந்தம் இருந்தால் ஒழிய. உரிமையைச் சொல்லாமலே விட்டுவிடுவதும் நடக்கிறது. அமெரிக்கா 51 மெக்சிகோ நாட்டவர் விஷயத்தில் இந்தக் கடமையை மீறியது என்று சர்வதேச நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்தது. ஆகவே ‘செய்திகளைக் கவனத்தில் கொண்டுள்ளோம்’ என்று தூதரகம் சொல்வது உறுதிப்படுத்தல் ஆகாது, ‘எங்களிடம் தகவல் இல்லை’ என்பது மறுப்பும் ஆகாது. ‘எங்கள் குடிமகன் ஒருவருக்குத் தூதரக உதவி அளிக்கிறோம்’ என்ற வாக்கியம் வந்தால் மட்டும் குடியுரிமைக் கட்டத்தை நிரப்புங்கள். இரட்டைக் குடியுரிமை இருந்தால் ஒரு நாடு மற்றதை ஏற்காமலே பேசும் என்பதால், இரண்டு நாடுகளின் கூற்றும் முரண்படுவதுபோல் தெரியலாம்.

எழுதுவதும் திருத்துவதும்

எழுதும்போது ஒவ்வொரு விவரத்தையும் சொன்னவரோடு கட்டுங்கள். ‘29 வயது வெளிநாட்டு வெறியன்’ என்பதற்குப் பதிலாக, ‘29 வயதானவர் கைது. அவர் போர்ச்சுகல் குடியுரிமை கொண்டவர் என்று போலீஸ் கூறியது. பிறந்த இடம், நோக்கம் பற்றி எதுவும் கூறவில்லை’ என்று எழுதினால் நீளம் சற்றுக் கூடும், நாளை அழிக்க வேண்டியது எதுவும் இருக்காது. ‘கூறப்படுகிறது’, ‘தெரிகிறது’ என்று ஆளில்லாமல் முடியும் வாக்கியங்களை எல்லாம் கடைசியில் ஒரு முறை தேடிப் பாருங்கள். கூறியது யார் என்று எழுத முடியாவிட்டால் வரியை எடுத்துவிடுங்கள். ‘என்று ஊகங்கள் பரவுகின்றன’ என்று எழுதுவது தப்பிக்கும் வழி அல்ல, அதுவும் பரப்புவதுதான். வதந்தியை மறுக்கும் தலைப்பிலும் பொய்ப் பெயரைத் திரும்ப எழுதாதீர்கள். மறுப்பை மறந்துவிட்டுப் பெயரை நினைவில் வைப்பவர்கள்தான் அதிகம்.

தவறு போய்விட்டால் பதிவை ஓசையின்றி அழிப்பதோடு நிறுத்த வேண்டாம். எடுத்த பிரதிகள் வெளியே ஓடிக்கொண்டிருக்கும். எந்த இடத்தில் தவறு வந்ததோ அதே இடத்தில், எது தவறு, எது சரி, எப்போது மாற்றினோம் என்று மூன்று வரி எழுதுங்கள். வாட்ஸ்அப் குழுவானால் பழைய செய்தியை மேற்கோளாகப் பிடித்து அதற்குப் பதிலாகத் திருத்தத்தைப் போடுங்கள். அதை எந்தெந்தக் குழுவுக்கு அனுப்பினீர்களோ அங்கெல்லாம் நீங்களே அனுப்புங்கள். தவறாகக் காட்டப்பட்ட மனிதர் ஒருவர் இருந்தால் அவருடைய படத்தைத் திருத்தத்தில் மறுபடி போடாதீர்கள். அவர் பெயரைச் சொல்லியே ஆக வேண்டிய கட்டாயம் வந்தால், ‘இவருக்கும் வழக்குக்கும் தொடர்பில்லை’ என்ற சொற்கள் பெயருக்கு முன்னாலேயே வரட்டும். செய்தித் துணுக்காக வெட்டிக் காட்டும்போது பெயர் மட்டும் தனியே நிற்காமல் இருக்க அதுதான் வழி.

ஆறு கட்டம் போட்ட அந்தத் தாளைத் தீர்ப்பு வரும் நாள்வரை வைத்திருங்கள். தேதிகளைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள்: கைது, குற்றச்சாட்டு, விசாரணை, தீர்ப்பு, மேல்முறையீடு. விடுதலை என்று முடிந்தால், கைதுக்கு எத்தனை வரி எழுதினீர்களோ அத்தனை வரி விடுதலைக்கும் எழுத அந்தத் தாள் தேவைப்படும்.